அப்பா நாலு சாப்பிட்டார்

எனக்குப் பொய் சொல்ல நன்றாக வரும். சின்ன வயசிலிருந்தே வரும். கிறிஸ்துமஸ் நெருங்கினால் எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் அச்சு முறுக்கு ஞாபகம் வரும். எனக்கு ஒரு பொய் ஞாபகம் வரும். அந்தப் பலகாரத்தை நான் இப்போது தொடுவதில்லை. சர்க்கரை வியாதி என்று மருமகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதுவும் பொய்தான். உடம்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் பீர்க்கன்கரணை ஏரிக்கு இந்தப் பக்கம், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா பட்டணத்தில் ஒரு ஆபீசில் குமாஸ்தா. காலையில் தாம்பரம் ஸ்டேஷன் வரை சைக்கிள், அங்கிருந்து மின்சார ரயில். அம்மா பக்கத்து ஆரம்பப் பள்ளியில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் ஞாயிறு பள்ளிக்கும் அவள்தான் டீச்சர். நான் ஒரே பெண், அதனால் கொஞ்சம் செல்லம், நிறைய வாய்.

டிசம்பர் பாதி தாண்டியதும் வீடு அடுப்பைச் சுற்றி வந்துவிடும். ரேஷன் சர்க்கரையை அம்மா ஆடி மாசத்திலிருந்தே டீயில் குறைத்துக் குறைத்துச் சேர்த்திருப்பாள். கல்கல், பாகு தடவிய வாழைக்காய்ச் சீவல், தேங்காய் பர்பி எல்லாம் அம்மாவே செய்வாள். அச்சு முறுக்கு மட்டும் அவளுக்குக் கைவராது. மாவு அச்சைவிட்டு வராது. கம்பியால் தட்டுவாள், கரண்டியால் நெம்புவாள், கடைசியில் கர்த்தரைக் கூப்பிடுவாள். அதற்காக ஏரிக்கரைக்கு அந்தப் பக்கத்துக் குடிசைகளிலிருந்து, நான் அக்கா என்று கூப்பிடுகிற ஒருத்தி வருவாள். அரிசி இடிப்பதற்கு என்று முதலில் வந்தவள், ஒரு வருஷம் அம்மா படும் பாட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "குடு டீச்சரம்மா, நான் போட்றேன்" என்று உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு எண்ணெய்ச் சட்டி அவளுடையது.

அரிசி மாவு, தேங்காய்ப் பால், முட்டை, சர்க்கரை, எள்ளு, ஒரு சிட்டிகை உப்பு. அச்சை எண்ணெயிலேயே காயவைத்து, மாவில் முக்கால்வாசி முக்கி, மறுபடி எண்ணெயில் விட்டு ஒரு உதறு உதறினால் பூ தானாகக் கழன்று மிதக்க வேண்டும். அக்கா கையில் மிதந்தது. ஆனாலும் நூற்றில் பத்து உடையும், யார் போட்டாலும் உடையும்.

உடைந்ததைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். எங்கள் வீட்டில் மூன்று டின் இருந்தது. ஒரு குறையும் இல்லாத முழுப் பூ முதல் டின்னில். அது போதகர் வீட்டுக்கும் தலைமை ஆசிரியை வீட்டுக்கும். ஓரம் லேசாகப் போனது இரண்டாவது டின்னில், அது அக்கம்பக்கத்துக்கு. உடைசல் எல்லாம் மூன்றாவதில். பால்காரர், தபால்காரர், அக்கா. பொரித்த கையோடு பிரித்து வைப்பதும் அக்காதான். தனக்கு வரப்போவது எந்த டின்னிலிருந்து என்று தெரிந்தேதான் அவள் உடைசலைப் பொறுக்கி அதில் போடுவாள். அதைப் பார்த்துக்கொண்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு அப்போது ஒன்றுமே தோன்றவில்லை. இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. பண்டிகைப் பலகாரத்தை யாரும் முன்கூட்டி வாயில் வைக்கக் கூடாது. கிறிஸ்துமஸ் காலை ஆராதனை முடிந்து வந்து, ஜெபம் பண்ணி, கொடுக்க வேண்டிய வீடுகளுக்குக் கொடுத்தனுப்பிய பிறகுதான் வீட்டு மனிதர் சாப்பிடலாம். உப்புப் பார்க்க, இனிப்புப் பார்க்கக்கூட நாக்கில் வைக்க விடமாட்டாள் அம்மா. "ருசி பார்த்துட்டு அடுத்தவங்களுக்குக் கொடுத்தா அது எச்சில்" என்பாள். அக்காவுக்கு அந்த வழக்கம் ரொம்பப் பிடித்துப்போய், தன் வீட்டிலும் அதையே வைத்துக்கொண்டாள்.

தட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. நான் ஆறாவது படித்த வருஷம், அக்கா வீட்டுக்கும் முதல் தடவையாக நானே போனேன். புது கவுன், தலையில் ரிப்பன், கையில் உடைசல் தட்டு, மேலே அம்மா பின்னிய வலைத்துணி. உடைசல் தெரியாமலிருக்கத் துணி நன்றாக உதவியது.

அக்கா என்னை முறம் நகர்த்தி உட்காரச் சொன்னாள். எங்கள் தட்டை இரண்டு கையாலும் வாங்கினாள். பிறகு உள்ளே போய் ஒரு அலுமினியத் தட்டைக் கொண்டுவந்தாள். அதில் அச்சு முறுக்கு இருந்தது. பன்னிரண்டு இருக்கும். ஒன்றுகூட உடையவில்லை. எங்கள் வீட்டு அச்சையே ஒரு நாள் இரவல் வாங்கிப்போய்ச் செய்திருந்தாள். ரேஷன் அரிசி, அதனால் நிறம் கொஞ்சம் மட்டு. அவள் பெண்ணும் பையனும் அடுப்போரம் உட்கார்ந்து ஒரு கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். கூடையில் உடைசல் இருந்தது.

"வூட்டுக்கு எட்த்துகினு போ பாப்பா. சாருக்குக் குடு. எங்க வூட்லயும் பண்டிகதான?" என்றாள்.

கொண்டுபோனேன். அம்மா தட்டை வாங்கி, "ஐயோ, இதெல்லாம் எதுக்கு அவளுக்கு" என்றாள். குரலில் பாசம் இருந்தது, அதில் சந்தேகமில்லை. பிறகு தட்டைக் கொல்லைப்புற மாடத்தில் வைத்தாள். மறுநாள் காலையில் பால்காரர் வந்தபோது அதை அப்படியே அவர் எருமைக்குப் போடச் சொன்னாள். ஏன் என்று கேட்டேன். "ஏரித் தண்ணிடி. என்ன எண்ணெயோ. வயித்துக்கு ஆகாது" என்றாள்.

எங்கள் வீட்டில் சாதிப் பேச்சே கிடையாது. அப்பா அதில் பெருமைப்படுவார். அந்தப் பேச்சு இருக்க வேண்டிய இடத்தில் சுத்தம் என்ற பேச்சு இருந்தது, அவ்வளவுதான். மாசத்தில் ஒரு ஞாயிறு திருவிருந்தில் அக்காவும் நாங்களும் ஒரே கிண்ணத்தில்தான் குடித்தோம். நாங்கள் முதல் வரிசை, அவள் கடைசி வரிசை. கிண்ணம் எங்களிடமிருந்துதான் அவளிடம் போனது, அவளிடமிருந்து எங்களுக்கு வந்ததில்லை. இதை நான் கண்டுபிடிக்க முப்பது வயசாயிற்று. மந்தபுத்தி.

காலித் தட்டைத் திருப்பிக் கொடுக்க நான் போனேன். "நல்லா இருந்துச்சுன்னு சொல்லு" என்று அம்மா சொல்லி அனுப்பினாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"நல்லா இருந்துச்சுக்கா. அப்பா ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. எங்க வீட்டுதைவிட இதுதான் மொறுமொறுன்னு இருக்குன்னாரு."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் கண் கலங்கியது எனக்குத் தெரிந்தது. எனக்கும் சந்தோஷம். நல்ல காரியம் செய்த பெண்ணாக வீட்டுக்குக் குதித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த வருஷம் தட்டு பெரிதாகிவிட்டது. இருபதுக்கு மேல். மேலே வாழையிலை போட்டு மூடியிருந்தாள். எண்ணெய் எங்கே கிடைத்தது, சர்க்கரைக்கு என்ன செய்தாள் என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. அவள் பிள்ளைகளுக்குக் கூடையில் அதே உடைசல். என்னை உட்காரவைத்து அவள் ஒரு விஷயம் சொன்னாள். அவள் புருஷன் பல்லாவரம் மலைப் பக்கம் கல் உடைக்கப் போகிறவர், அன்றைக்கு வீட்டில் இல்லை.

"எங்க வூட்டுக்காரரு இன்னா சொல்வாரு தெரியுமா? 'டீச்சர் வூட்ல நீ செஞ்சத வாயில வெப்பாங்களாடி? மாட்டுக்குத்தான் போடுவாங்க. அரிசியக் கெடுக்காத'ன்னு ஒரே சண்ட. போன வருசம் சார் ரெண்டு தபா கேட்டு துன்னாருன்னு சொன்னியே, அத்த சொன்னேன் பாரு, மனுசன் கப்சிப். அடங்கிப் பூட்டாரு. இந்த வருசம் அவரே எண்ண வாங்கியாந்து குட்த்தாரு. தெருவுல எல்லாருக்கும் சொல்லிட்டேன் நானு."

எருமை என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். ஒரு பொய்க்குள் இத்தனை பேர் குடி வந்துவிட்டார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. அவள் புருஷன், தெரு, எண்ணெய், அரிசி எல்லாம். அன்றைக்கே அம்மாவிடம் போய், இதைப் போட வேண்டாம், ஒரு துண்டாவது அப்பாவுக்குக் கொடு என்று சொல்லியிருக்கலாம். அப்பா சாப்பிட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அவர் எதைக் கொடுத்தாலும் பேப்பர் படித்துக்கொண்டே சாப்பிடுகிறவர். சொல்ல வெட்கமாக இருந்தது. அவள் வீட்டுப் பலகாரத்துக்காகப் பரிந்து பேசுகிற வெட்கம். அந்தத் தட்டும் எருமைக்கே போயிற்று. நான் போய், "அப்பா மூணு சாப்பிட்டாருக்கா" என்றேன்.

மூன்றாவது வருஷம் எனக்குப் பதினான்கு நடந்தது. கிறிஸ்துமஸ் காலை, ஆராதனை முடிந்து, எல்லா வீட்டுக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியாக அக்கா வீட்டுக்குப் போனேன். அவளும் அப்போதுதான் கோயிலிலிருந்து வந்திருந்தாள். பிள்ளைகள் இரண்டும் பசியோடு உட்கார்ந்திருந்தன. "பாப்பா எட்த்துகினு போனப்புறம்தான் துன்னணும்" என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டே தட்டை என் கையில் கொடுத்தாள்.

"இந்த வருசம் இன்னாவோ வெளுத்தாப்ல கீது பாப்பா. செவக்கவே மாட்டேன்னுது. சாருகிட்ட சொல்லு, அரிசி அப்டி" என்றாள்.

வெளுப்பாகத்தான் இருந்தது. நான் அதைப் பெரிதாகப் பார்க்கவில்லை. எனக்கு வேறு யோசனை. எப்படியும் எருமைக்குப் போகப் போகிறது. இதை ஏன் வீடுவரை சுமந்துபோய், அம்மா அந்தப் பாசக் குரலில் 'ஐயோ எதுக்கு' என்று சொல்வதைக் கேட்க வேண்டும்? ஏரிக்கரையில் ஆறேழு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. யாரும் இல்லையா என்று இரண்டு பக்கமும் பார்த்தேன். வாழையிலையோடு தட்டைக் கவிழ்த்தேன்.

ஆடுகள் முட்டி மோதிக்கொண்டு வந்தன. அத்தனை ஆசையாக ஆடு தின்று நான் பார்த்ததில்லை. இலையையும் நக்கின, தரையையும் நக்கின. நல்ல பலகாரம்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தட்டை ஏரியில் அலசி, வீட்டுக்கு வந்து, கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன்.

"அவ ஒண்ணும் குடுக்கலியா இந்த வருஷம்?" என்று அம்மா கேட்டாள்.

"செய்யலியாம்மா" என்றேன்.

மத்தியானம் பிரியாணி இறக்கி, பெரியப்பா குடும்பம் குரோம்பேட்டையிலிருந்து வந்து, எல்லாரும் சாப்பிட உட்காரும் நேரம். அப்பா ஜெபத்துக்குக் கண்ணை மூடச் சொன்னபோது கொல்லைக் கதவு தட்டுகிற சத்தம். நான் ஓடிப்போய்த் திறந்தேன். அக்கா நின்றாள். புதுப் புடவை. காலெல்லாம் கரை மண். ஏரிக்கரை முழுக்க ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. அவள் ஏன் வந்தாள் என்று நான் யோசிக்கவே இல்லை. செய்யவில்லையாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இவள் உள்ளே வந்து பலகாரப் பேச்சை எடுத்தால் நான் மாட்டிக்கொள்வேன். தட்டைக் கொடுத்துச் சட்டென்று அனுப்பிவிட வேண்டும், அதுதான் என் பயம். கல்லுக்குப் பின்னாலிருந்து தட்டை எடுத்து அவள் கையில் திணித்தேன். அவள் வாய் திறந்தாள். அதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"அக்கா, பிரமாதம். அப்பா இந்த வருஷம் நாலு சாப்பிட்டாரு. இனிப்பு இந்தத் தடவைதான் கரெக்டா இருக்குன்னாரு."

அவள் திறந்த வாய் திறந்தபடி இருந்தது.

"நாலா?" என்றாள்.

"ஆமாக்கா. இன்னும் இருக்கான்னு கேட்டாரு."

அவள் என்னையே பார்த்தாள். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும். தெரிந்த முகம் ஒன்றைத் தெரியாத முகமாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். எதுவோ தப்பாகிவிட்டது என்று தெரிந்தது, எது என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து அம்மா பின்னால் வந்துவிட்டாள்.

"என்னம்மா, பண்டிகை நாளும் அதுவுமா இப்படி ஓடி வந்திருக்கே? பிள்ளைங்களுக்கு ஏதாவதா?"

என் உயிர் என்னிடம் இல்லை. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். விருந்தாளிகள் முன்னால் அம்மா என் முதுகைப் பிய்த்துவிடுவாள். அக்கா கையிலிருந்த தட்டைப் புடவைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்ல டீச்சரம்மா. அச்சு இங்கதான் கீதா, நம்ம வூட்ல கீதான்னு சந்தேகம். கேட்டுகினு போலாம்னு வந்தேன்."

"இதுக்கா ஓடி வந்தே? இங்கதான் இருக்கு. இரு, பிரியாணி தரேன், கொண்டுபோ."

அம்மா உள்ளே போனாள். அக்கா எனக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

"சக்கரயே போடல பாப்பா. பரண் மேல எறும்புக்கு பயந்து வெச்சது அப்டியே கீது. எம் பொண்ணு போட்டுட்டான்னு நானு, நான் போட்டுட்டேன்னு அது. உப்பு மட்டும் ரெண்டு பேரும் போட்டுகீறோம். நீ போனப்புறம் பசங்க வாயில வெச்சிட்டு தூன்னு துப்பிடுச்சிங்க. சார் தெரியாம துன்னுட்டு ஒடம்புக்கு வந்துடப் போவுதுன்னு ஓடியாந்தேன்."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்றிருந்தது. இந்த வார்த்தையை எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அன்றைக்கு அது நிஜமாகவே வேண்டியிருந்தது. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் வரவில்லை. பொய் சொல்ல மட்டும் பழகிய வாய்.

"முன்னாடி ரெண்டு வருசமும் இப்டித்தானா?" என்று கேட்டாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அம்மா பிரியாணித் தூக்கோடு வரும் காலடி கேட்டது. அக்கா அவசரமாகச் சொன்னாள்: "எங்க வூட்டுக்காரரு உன்ன எங்கனா பாத்துக் கேட்டா, சார் துன்னாருன்னே சொல்லு. இன்னா? மாத்தி கீத்தி சொல்லிடாத."

தூக்கை வாங்கிக்கொண்டு, அம்மாவுக்கு நன்றி சொல்லிவிட்டு அவள் போனாள். நான் பந்தியில் போய் உட்கார்ந்தேன். பெரியம்மா என் தட்டில் கறி போட்டுக்கொண்டே இருந்தாள், என்னடி சாப்பிடவே மாட்டேன்கிறாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அடுத்த டிசம்பரில் அக்கா வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். அரிசி இடித்தாள், எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார்ந்தாள், பூ பூவாகப் பொரித்தாள், மூன்று டின்னிலும் பிரித்து வைத்தாள். என்னிடம் முன்பு போலவே பேசினாள். முன்பு போல என்று சொல்வதும் சரியில்லை. முன்பு என்னிடம் கேள்வி கேட்பாள். இப்போது நான் கேட்டால் பதில் சொன்னாள். ஒரு தடவை அம்மா பார்க்காத நேரத்தில் முதல் டின்னிலிருந்து நாலைந்து முழுப் பூவை எடுத்து அவள் தட்டில் வைக்கப் போனேன். "அத்த எட்த்த எடத்துலயே வெய்யி பாப்பா, ஒடஞ்சிடப் போவுது" என்றாள். வைத்துவிட்டேன்.

கிறிஸ்துமஸ் அன்று அவள் வீட்டுக்குத் தட்டு கொண்டுபோகும் வேலை எனக்குத்தான் வந்தது. காய்ச்சல் என்று படுத்துப் பார்த்தேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுப்பிவிட்டாள். போனேன். அன்றைக்கு அவள் புருஷன் வீட்டில் இருந்தார். வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து பையனுக்குப் பட்டம் ஒட்டிக்கொண்டிருந்தார். நான் அவரோடு பேசியதே இல்லை. கல் உடைத்துக் காப்புக் காய்த்த கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். என்னைப் பார்த்து எழுந்து நிற்க வேண்டிய அவசியம் அவருக்கு என்ன?

"வா பாப்பா, வா. குந்து. சார் நல்லா கீறாரா? இந்த வருசம் சாருக்கு ஒண்ணும் இல்லாம பண்ணிட்டா இவ. சக்கர கீது, எண்ண கீது, செய்டின்னா முடியாதுன்றா. இன்னா கோவமோ தெரியல." சிரித்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, நான் எங்கே இல்லையென்று சொல்லிவிடப் போகிறேனோ என்பது போலக் கேட்டார். "போன வருசம் மெய்யாலுமே சார் நாலு துன்னாரா? இவ சொன்னா. நான் நம்பல."

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாண்ணா" என்றேன். "நாலு சாப்பிட்டாரு."

அவர் முகம் அப்படி மலர்ந்தது. பையன் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டி, "கேட்டியாடா, உங்கம்மா கைப் பக்குவம்" என்றார். அக்கா எங்கள் வீட்டு உடைசலைக் கூடையில் கொட்டி, தட்டைக் கழுவி, என் முகத்தைப் பார்க்காமல் என் கையில் கொடுத்தாள்.